பொலினீசியப் பக்கமிதவைப் படகு மாதிரி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மரத்தில் படகு மாதிரி செய்ய உட்காருகிறவர்களும், எங்கோ ஒன்றை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு "இது சரியாத்தான் இருக்கா?" என்று கேட்கிறவர்களும் மாற்றி மாற்றி எழுப்பும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். ஹவாய்த் தீவுகளின் ஒற்றை மிதவைப் படகைத்தான் பெரும்பாலும் எடுத்துக்கொண்டிருக்கிறோம். மற்றத் தீவுகளில் வழக்கம் வேறாக இருந்தால் அந்தந்த இடத்தில் சொல்லியிருக்கிறது.

இது நம்ம கட்டுமரம்தானே? பேரு மட்டும் மாத்திச் சொல்றாங்களா?

இல்லை. கட்டுமரம் என்பது மரக்கட்டைகளைப் பக்கம்பக்கமாக வைத்துக் கட்டியது. அதற்கு உள்குடைவு கிடையாது, தண்ணீர் மேலே ஏறி வழிந்து போகும். பொலினீசியப் படகோ ஒரே மரத்தைக் குடைந்த ஒடுங்கிய வள்ளம். அது தனியாக நின்றால் உருண்டுவிடும். அதனால் ஒரு பக்கத்தில், சற்றுத் தள்ளி, ஒரு மிதவைக்கட்டையை இரண்டு குறுக்குக்கம்புகளால் பிணைக்கிறார்கள். ஹவாய் மொழியில் படகு 'வஅ' (நடுவில் தொண்டையை ஒரு கணம் அடைத்துச் சொல்ல வேண்டும்), மிதவை 'அமா', குறுக்குக்கம்பு 'இயாக்கோ'.

குழப்பத்துக்குக் காரணம் ஆங்கிலம். சோழமண்டலக் கரையில் கேட்ட 'கட்டுமரம்' என்ற சொல்லை வில்லியம் டாம்பியர் 1697இல் வெளிவந்த பயண நூலில் பதிந்தார். பிற்பாடு அதே சொல் இரட்டை வள்ளப் படகுகளுக்கு ஒட்டிக்கொண்டது. சொல் நம்முடையது, அந்த இரட்டை வள்ள அமைப்பு பசிபிக்குடையது. பக்கமிதவைக்கு நமக்கு அருகில் உள்ள உறவு வேண்டுமென்றால் இலங்கையின் 'ஒருவா'வைப் பாருங்கள். அதிலும் ஒரே பக்கம்தான் மிதவை.

எல்லாத் தீவுலயும் ஒரே மாதிரிதான் இருக்குமா?

ஹவாய், ராப்பா நூயி (ஈஸ்டர் தீவு), நியூசிலாந்து என்ற மூன்று மூலைகளுக்குள் அடங்கும் கடல்தான் பொலினீசியா. தாகித்தியில் 'வஅ', குக் தீவுகளில் 'வாக்கா', மாவோரி மொழியிலும் 'வாக்கா' என்று பெயர்கள் எல்லாம் ஒரே வேர். படகுகள்தான் வேறு வேறு.

உற்றுப் பார்க்க வேண்டிய இடம், கம்பு மிதவையோடு சேரும் இடம். ஹவாயில் கம்பு தானே வளைந்து இறங்கி மிதவையின் முதுகில் உட்கார்ந்து நேரடியாகக் கட்டப்படுகிறது. சமோவாவின் சிறு படகான 'பாவோபாவோ'வில் கம்பு நேராகப் போகும். அதன் முனையிலிருந்து சிறு முளைக்குச்சிகள் இறங்கி மிதவையைப் பிடித்துக்கொள்ளும். தாகித்தியில் இரண்டும் கலப்பு: முன்கம்பு விறைப்பானது, முளைகளோடு, பின்கம்பு மெல்லியது, வளைந்து நேராக மிதவையில் கட்டுவது. ஒரு மாதிரி எந்தத் தீவுடையது என்று கண்டுபிடிக்க, வள்ளத்தைப் பார்ப்பதற்கு முன் இந்த இணைப்பைப் பாருங்கள்.

முதல் தடவை செய்யறேன். எந்தப் படகு, என்ன அளவு?

மூன்று பேர் போகும் ஹவாய் மீன்பிடி படகு. அசல் ஏறத்தாழ 7.5 மீட்டர் நீளம் என்று வைத்து 1:15 அளவில் செய்தால் மாதிரி 50 செ.மீ. வரும். இதைவிடச் சிறிதாக்கினால் கட்டுகள் கைக்கு அடங்காது.

அந்த அளவில்: வள்ளத்தின் அகலம் 3 செ.மீ., உயரம் விளிம்புப் பலகையோடு 3.8 செ.மீ. (குடைந்த பகுதி 3, பலகை 0.8). அமாவின் நீளம் 33 செ.மீ., தடிமன் நடுவில் 1.1 செ.மீ. வள்ளத்தின் நடுக்கோட்டிலிருந்து அமாவின் நடுக்கோடு 15 செ.மீ. இரண்டு கம்புகளுக்கும் இடையே 17 செ.மீ., கம்பின் தடிமன் 4 மி.மீ. அமா முன்கம்பைத் தாண்டி 10 செ.மீ.யும் பின்கம்பைத் தாண்டி 6 செ.மீ.யும் நீளட்டும். அதன் முன்முனை லேசாக மேல்நோக்கி வளைந்திருக்க வேண்டும். அப்படி இல்லாவிட்டால் அலையில் மூக்கைக் குத்திக்கொள்ளும்.

அகலத்தைப் பார்த்து "இவ்வளவு ஒல்லியா?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஆமாம், அவ்வளவு ஒல்லிதான். 4 செ.மீ. ஆக்கினால் உட்கார இடம் இருப்பதுபோல் அழகாகத் தெரியும், ஆனால் அது வேறு படகு.

என்ன மரம் எடுக்கலாம்? கோஆ மரம் கிடைக்கலையே?

ஹவாய் வள்ளம் 'கோஆ' மரத்தில் செய்வது. அது ஹவாயில் மட்டும் வளரும் அகேசியா இனம். படகுக்கு ஏற்ற பெரிய கோஆ அங்கேயே அரிதாகிவிட்டது. 1990களில் 'ஹவாயிலோவா' என்ற பெரிய படகைக் கட்டியபோது போதிய கோஆ கிடைக்காமல், அலாஸ்காவிலிருந்து வந்த இரண்டு ஸ்ப்ரூஸ் மரங்களில் குடைந்தார்கள். அதனால் கோஆ இல்லையே என்று நீங்கள் வருந்த வேண்டாம்.

மாதிரிக்குப் பூவரசு மிக நல்லது. ஹவாயில் 'மிலோ' என்று கிண்ணம் கடைகிற மரம் இதே பூவரசுதான். வைரம் பாய்ந்த பகுதி சாக்லேட் நிறம், இழை நெருக்கம், உளிக்கு இணங்கும். வாகையின் வைரமும் கோஆவின் பழுப்புக்குப் பக்கத்தில் வரும், ஆனால் இழை முறுக்கிக்கொண்டால் பிய்யும். தாகித்திப் படகு செய்கிறவர்களுக்குப் புன்னை பொருத்தம். அங்கே 'தமானு' என்பது நம் புன்னைதான், படகுக்கும் பயன்பட்டது. தேக்கைத் தவிர்க்கலாம். அதன் எண்ணெய்ப் பசை விளிம்புப் பலகையை ஒட்டவிடாது.

அமாவுக்கு வேண்டியது எடை குறைந்த மரம். ஹவாயில் 'விலிவிலி' எடுப்பார்கள், அது நம் கல்யாண முருங்கையின் நெருங்கிய உறவு. நன்றாகக் காய்ந்த கல்யாண முருங்கைக் கிளை கிடைத்தால் விடாதீர்கள். காயாததை எடுத்தால் ஒரு மாதத்தில் சுருங்கிக் கட்டு தொளதொளத்துப் போகும்.

எந்த மரமானாலும் உளுப்பு இருக்கிறதா என்று முதலில் தட்டிப் பாருங்கள். வெட்டிச் சாய்த்த மரத்தின்மேல் 'எலெப்பாயோ' என்ற சிறு பறவை நின்று கொத்தினால் உள்ளே பூச்சி இருக்கிறது என்று அந்த மரத்தைக் கைவிடுவார்களாம் ஹவாயின் படகுத் தச்சர்கள். பறவைக்குப் பூச்சி எங்கே இருக்கும் என்று தெரியாதா என்ன.

வள்ளத்தை எப்படிக் குடையறது? பாதியில ஓட்டை விழுந்துடுது.

52 செ.மீ. நீளம், 3.4 அகலம், 3.2 உயரம் கொண்ட கட்டை. மரத்தின் நடுக்குருத்து கட்டைக்குள் வரக்கூடாது, வந்தால் பின்னாளில் அந்தக் கோட்டிலேயே வெடிக்கும். முதலில் பக்கவாட்டு வடிவத்தை வரைந்து அறுங்கள். அறுத்த துண்டுகளைத் திரும்ப டேப் போட்டு ஒட்டிவைத்து, மேலிருந்து பார்க்கும் வடிவத்தை அறுங்கள். பிறகு ஐந்து இடங்களில் அட்டை அச்சு வைத்துப் பார்த்தபடி வெளிப்புறத்தை உருட்டுங்கள். அடிப்புறம் முட்டையின் வளைவு போல, ஏராக்கட்டை (அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகுக்கட்டை) கிடையாது. வெளிப்புறம் முழுதாக முடிந்த பிறகுதான் உள்ளே உளி போக வேண்டும். ஓட்டை விழுகிறவர்களில் பாதிப் பேர் இந்த வரிசையைத் தலைகீழாக்கியவர்கள்.

மீதிப் பாதிக்கு ஓர் உத்தி. வெளியிலிருந்து 1 மி.மீ. துளைகளை, அடிப்புறத்தில் 3 மி.மீ. ஆழமும் பக்கத்தில் 2 மி.மீ. ஆழமும் வருமாறு, இரண்டு அங்குலத்துக்கு ஒன்றாகப் போடுங்கள். சிவப்பு மையில் நனைத்துக் காயவைத்த மூங்கில் பல்குச்சித் துண்டை ஒவ்வொன்றிலும் பசை தொட்டு அடித்து வெளியே சமமாக வெட்டிவிடுங்கள். உள்ளே குடைந்துகொண்டே வரும்போது சிவப்புப் புள்ளி தெரிந்தால் அந்த இடத்தில் நிறுத்த வேண்டும், அவ்வளவுதான். அணியத்திலும் (முன்முனை) அமரத்திலும் (பின்முனை) கடைசி 3 செ.மீ.யைக் குடையாமல் விடுங்கள்.

ஒரே மூச்சில் முடிக்கவும் கூடாது. சுவர் 4 மி.மீ. இருக்கும்போது நிறுத்தி, செய்தித்தாளில் சுற்றி ஒரு வாரம் வையுங்கள். உள்ளிருந்த மரம் போனதும் சுவர்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ கொஞ்சம் நகரும். நகர்ந்து முடிந்த பிறகு இறுதி அளவுக்குக் கொண்டுவரலாம். ஹவாயிலும் காட்டில் வாச்சியால் கரடாகச் செதுக்கி, கரைக்கு இழுத்து வந்து, ஆறவிட்டுத்தான் முடித்தார்கள்.

உள்ளே சின்னச் சின்ன வளைவுக் கட்டை தெரியுதே, அது எதுக்கு? விட்டுடலாமா?

விட்டால் கட்டு நிற்காது. அது 'வாஎ'. நம் படகுகளின் வங்கு மாதிரி வள்ளத்தின் உட்புறத்தைத் தழுவிய ஒரு வளைவு. சுவர்கள் விலகாமல் வைப்பது ஒரு வேலை. இயாக்கோவைக் கட்டும் கயிறு இதன் அடியில்தான் நுழைந்து வருகிறது என்பது முக்கியமான வேலை. மாதிரியில் ஒவ்வொரு கம்புக்கும் கீழே ஒன்று, 3 மி.மீ. தடிமனில். வாஎயின் அடியில் நூல் போக 1.5 மி.மீ. இடைவெளி இருக்கட்டும். வள்ளத்தைக் குடையும்போதே உட்சுவரில் சிறு மேடுகளை விட்டுவைத்து, அவற்றின்மேல் வாஎயை உட்காரவைப்பது அசல் முறை. அந்த மேடுகளுக்கு 'பெபெயாவோ', அதாவது காது என்று பெயர்.

குறுக்குக்கம்பை வளைக்கும்போது உடையுது. ஆவியில வைக்கணுமா?

அசலில் வளைப்பதே இல்லை. வளைந்து வளர்ந்த கிளையைத் தேடி எடுப்பார்கள். 'ஹவு' என்கிற நீர்ப்பருத்திக் கிளை அதற்கென்றே பிறந்தது போல் வளைந்து கிடக்கும்.

மாதிரிக்கு 5 மி.மீ. தடிமனுள்ள பச்சைக் குச்சி எடுத்துப் பட்டையை உரியுங்கள். பூவரசு, செம்பருத்தி இரண்டுமே ஹவு குடும்பம். பலகையில் ஆணி அடித்து வடிவம் அமைத்து, குச்சியை அதில் கட்டி இரண்டு வாரம் நிழலில் காயவிடுங்கள். கழற்றியதும் கொஞ்சம் நிமிரும், அதனால் தேவைக்கு மேல் சற்று அதிகமாகவே வளைத்து வையுங்கள். இரண்டு குச்சிகளையும் ஒரே ஆணி வரிசையில், ஒன்றின்மேல் ஒன்றாகக் கட்டிக் காயவிடுவது நல்லது. தனித்தனியாகக் காய்ந்த இரண்டு கம்புகள் ஒரே வளைவில் வருவதே இல்லை.

எவ்வளவு வளைவு? படகு மிதக்கும்போது விளிம்பு நீர்மட்டத்துக்கு மேல் 2.4 செ.மீ. நிற்கும். பாதி மூழ்கிய அமாவின் முதுகு நீர்மட்டத்துக்கு மேல் அரை செ.மீ. ஆக, விளிம்பிலிருந்து அமா வரை கம்பு ஏறத்தாழ 2 செ.மீ. இறங்க வேண்டும். வளைவு முழுவதும் அமாவை ஒட்டிய கடைசி மூன்றில் ஒரு பங்கில் இருக்கட்டும். வள்ளத்திலிருந்தே சரிந்து இறங்கினால் கம்பு அலையில் அடிபடும்.

கட்டு எப்படிப் போடறது? எவ்வளவு இறுக்கினாலும் ஆடுது.

இந்தத் தொகுப்பில் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். கேட்கப்படவும் வேண்டும். ஏனென்றால் வள்ளம் சுமார், அமா சுமார் என்றாலும் கட்டு சரியாக இருந்தால் அது படகு. வள்ளம் எவ்வளவு அழகாக இருந்தாலும் கட்டு பொய்யாக இருந்தால் அது மரத்துண்டுக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்த இன்னொரு மரத்துண்டு.

முதலில் நூல். அசல் கயிறு தேங்காய் நாரில் செய்தது, ஹவாயில் 'அஹா'. நம்மூர்க் கயிறு போலத் திரித்தது அல்ல, மூன்று இழையாகச் சடைபோலப் பின்னியது. தட்டையாகப் படிவதால் மரத்தை நன்றாகப் பற்றும். நாரை எடுத்து நீங்களே பின்னினால் எவ்வளவு மெல்லியதாக எடுத்தாலும் ஒரு மி.மீ.க்குப் பக்கத்தில் வரும். 1:15 அளவில் அது 15 மி.மீ. வடக்கயிறாகத் தெரியும். 0.4 மி.மீ. லினன் நூலைத் தேயிலை டிகாஷனில் நனைத்து நிறமேற்றி, காய்ந்ததும் தேன்மெழுகில் இரண்டு முறை இழுத்து எடுங்கள். நைலான் நூல் வேண்டாம். அது நீளும், பளபளக்கும், முடிச்சு நழுவும்.

ஒரு சந்திக்கு 80 செ.மீ. நூல். முனையை வாஎயில் சுருக்குப் போட்டுத் தொடங்கி, கம்பின் மேலாகவும் வாஎயின் அடியாகவும் பத்துச் சுற்று. சுற்றுகள் பக்கம்பக்கமாகப் படிய வேண்டும், ஒன்றின்மேல் ஒன்று ஏறக்கூடாது. இதுவரை எல்லோரும் செய்கிறார்கள். ஆடுவதற்குக் காரணம் இதோடு நிறுத்துவது. கட்டடச் சாரம் கட்டுகிறவரைக் கவனித்திருந்தால் தெரியும்: கம்பைச் சுற்றியபின், கம்புக்கும் கம்புக்கும் நடுவே ஓடும் கயிற்றையே குறுக்காகச் சுற்றி நெரிப்பார். அதேபோல், கம்புக்கும் வாஎக்கும் இடையில் செங்குத்தாக நிற்கும் இழைகளின் இடுப்பைச் சுற்றி நான்கு இறுக்குச்சுற்று போடுங்கள். ஒவ்வொரு சுற்றையும் இழுக்கும்போது முதல் பத்துச் சுற்றும் விண்ணென்று ஏறுவது விரலுக்குத் தெரியும். மீதி முனையை ஊசியால் கடைசிச் சுற்றுகளின் அடியில் நுழைத்து வெட்டுங்கள்; வெளியே முடிச்சு தெரியக்கூடாது.

அமா பக்கம் வாஎ இல்லை. அமாவின் முதுகை, கம்பு உட்காரும் இடத்தில் மட்டும், ஒரு மி.மீ. தட்டையாக்குங்கள். நூல் அமாவையே சுற்றி வந்து கம்பின்மேல் பெருக்கல் குறியாகக் குறுக்கிடட்டும். பிறகு அதே இறுக்குச்சுற்று. ஹவாயின் அலங்காரக் கட்டுகளில் பெயர்பெற்றது 'லுஉகியாவின் பாவாடை'. ஒரு பழங்கதைப் பெண்ணின் இடைக்கட்டை நினைத்து வைத்த பெயர். சாதாரணக் கட்டு கைவந்த பிறகு அதற்குப் போகலாம்.

கட்டின மேல ஒரு சொட்டு ஃபெவிகுவிக் விட்டா என்ன?

நூல் கறுத்துக் கண்ணாடிபோல் மின்னும், எத்தனை அடி தள்ளி நின்றாலும் தெரியும். அதோடு, மரம் பருவத்துக்குப் பருவம் சுருங்கி விரியும்போது விறைத்த கட்டு வெடிக்கும். அசலில் ஆணி இல்லாமல் கயிற்றால் கட்டியதிலும் இதே நன்மை உண்டு: அலையில் வள்ளமும் அமாவும் வேறு வேறு கணத்தில் ஏறி இறங்குகின்றன, அந்த முறுக்கலைக் கயிறு கொடுத்து வாங்குகிறது. விளிம்புப் பலகைக்கு மரப்பசை போடலாம், தப்பில்லை. அசலில் அதையும் துளையிட்டுக் கயிற்றால் தைத்து, ஈரப்பலாப் பாலால் கலப்பத்துப் பார்த்தார்கள் (இடுக்கை அடைத்தார்கள்). பசை போட்டாலும் வெளியில் தையல் தெரியட்டும்: ஒன்றரை செ.மீ.க்கு ஒரு தையல்.

கயிறு கட்டின படகுல நிஜமாவே சமுத்திரம் தாண்டினாங்களா?

நெடும்பயணங்களுக்குப் பெரும்பாலும் இரட்டை வள்ளப் படகுகள். ஒற்றை மிதவைப் படகு மீன்பிடிக்கும் கரையோரப் போக்குவரத்துக்கும். இது முடியுமா என்ற சந்தேகம் அறிஞர்களுக்கும் இருந்தது. அதைத் தீர்க்க 1975இல் ஹவாயில் 'ஹோக்குலேயா' என்ற 62 அடி இரட்டை வள்ளப் படகு கட்டப்பட்டது. 1976 மே முதல் தேதி மாவுயித் தீவிலிருந்து கிளம்பி ஜூன் 4இல் தாகித்தியின் பப்பேட்டேயை அடைந்தது. கருவி எதுவுமின்றி விண்மீனையும் அலையையும் பார்த்து வழி சொன்னவர் மவு பியைலுக். அவர் ஹவாய்க்காரர் அல்ல, மைக்ரோனேசியாவின் சத்தவால் தீவைச் சேர்ந்தவர். படகின் வடிவம் பழையது என்றாலும் வள்ளங்கள் ஒட்டுப்பலகையும் கண்ணாடியிழையும் கொண்டவை. அதன் மாதிரியைச் செய்கிறவர்கள் மரக்குடைவு என்று எழுதிவைத்துவிடக் கூடாது.

மிதவை இடதுபக்கமா, வலதுபக்கமா? படத்துல ரெண்டு விதமாவும் இருக்கு.

ஹவாய்ப் படகுக்கு இடப்பக்கம், அதாவது அணியத்தை நோக்கி உட்கார்ந்தால் உங்கள் இடக்கைப் பக்கம். வலப்பக்கம் தெரியும் படங்களில் சில இடம்வலம் மாறி அச்சானவை.

ஆனால் வேறொரு வகையில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. மைக்ரோனேசியாவிலும், பொலினீசியாவின் மேற்கு விளிம்பை ஒட்டிய ஃபிஜியிலும், மிதவை எப்போதும் காற்று வரும் பக்கமே இருக்க வேண்டும். திசை மாற்ற வேண்டுமென்றால் படகைத் திருப்பாமல் பாயைத் தூக்கி மறுமுனைக்குக் கொண்டுபோவார்கள். அணியம் அமரமாகும், அமரம் அணியமாகும். மேலே சொன்ன ஒருவாவும் இப்படித்தான் ஓடும். அத்தகைய படகில் இரண்டு முனையும் ஒரே வடிவம். ஹவாய், தாகித்திப் படகுகளில் அணியமும் அமரமும் வேறு வேறு, மிதவை ஒரே பக்கம் நிலைத்தது. மாதிரியில் முனைகள் வேறாக இருந்தும் பாய் மாற்றும் அமைப்பு வைத்திருந்தால் யாரோ இரண்டு படத்தைப் பார்த்துச் செய்திருக்கிறார்கள்.

பாய் கட்டாயமா?

இல்லை. துடுப்போடு மட்டும் நிற்கும் படகும் முழுமையானதே. 10 செ.மீ. நீளத்தில் ஒற்றை இலைத் துடுப்பு மூன்றும், தண்ணீர் இறைக்கும் குடுவை ஒன்றும் போதும்.

வைப்பதென்றால் தாழை ஓலைப் பாய்தான், துணி அல்ல. 1778–79இல் குக்கின் மூன்றாம் பயணத்தில் வந்த ஓவியர் ஜான் வெபர் வரைந்த ஹவாய்ப் படகில் நண்டுக்கொடுக்குப் போன்ற பாய் தெரிகிறது: ஒரு பக்கம் நிமிர்ந்த பாய்மரம், மறுபக்கம் வில்லாக வளைந்த கழி. ஓலையை ஒரு மி.மீ. கீற்றாகக் கிழித்துப் பின்னுவது பெரிய பாடு. பழைய மெல்லிய கோரைப்பாயின் ஓரத்தை வெட்டி வைக்காதீர்கள், அந்தக் கோரை சாக்கு போலத் தெரியும்.

பெயின்ட் அடிக்கலாமா? ஒரு டிக்கி பொம்மை (பொலினீசிய மரச்சிலை) செதுக்கி வைக்கலாமா?

ஹவாயில் வள்ளத்தின் வெளிப்புறத்துக்குச் செடிச்சாறும் கரியும் கலந்த கறுப்பு. விளிம்புப் பலகை 'அஹாக்கேயா' என்ற மஞ்சள் சாயல் மரம், அது கறுப்புக்கு மேல் கோடு போட்டதுபோல் நிற்கும். மாதிரிக்கு விளக்குக்கரியை ஆளிவிதை எண்ணெயில் குழைத்து மூன்று மெல்லிய பூச்சு, பூச்சுக்குப் பூச்சு இரண்டு நாள் இடைவெளி. பளபளப்பு வார்னிஷ் வேண்டாம். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்து எறியுங்கள்.

பொம்மை வேண்டாம். ஹவாய்ப் படகின் அழகு, 'மனு' என்கிற நிமிர்ந்த முனைத்துண்டின் கோட்டில் இருக்கிறது. செதுக்கலில் ஆசை இருந்தால் மார்க்கேசஸ் தீவுப் படகைச் செய்யுங்கள். அங்கே உடம்பில் பச்சை குத்தும் கோலங்களுக்கு உறவான செதுக்கல் மரத்திலும் உண்டு, வந்துபோகும் கப்பல்காரர்களுக்கு விற்கவே 19ஆம் நூற்றாண்டில் மாதிரிப் படகுகள் செய்தார்கள்.

தண்ணியில விட்டேன், கவிழ்ந்துடுச்சு. மிதவையைப் பெரிசாக்கட்டுமா?

பெரிதாக்குவதற்கு முன் எந்தப் பக்கம் கவிழ்ந்தது என்று பாருங்கள். அமா பக்கம் சாய்ந்தால் அதைத் தடுப்பது அமாவின் மிதப்பு. எதிர்ப்பக்கம் சாய்ந்தால் தடுப்பது அமாவின் எடை. மேலே சொன்ன அளவில் கல்யாண முருங்கை அமா 7, 8 கிராம் இருக்கும், முழுதாக அமுக்கினால் இன்னும் 17 கிராம் வரை தாங்கும். ஆக, எதிர்ப்பக்கம்தான் பலவீனம். நிஜப் படகும் அந்தப் பக்கம்தான் சுலபமாகக் கவிழும். மிக லேசான பால்சா மரத்தில் அமா செய்தவர்களுக்கு இது கட்டாயம் நடக்கும், எடை போதாது.

பெரும்பாலும் உண்மையான காரணம் வேறு: படகு காலியாக இருக்கிறது. நீளம் 15இல் ஒரு பங்கு என்றால் எடை 15×15×15, அதாவது 3375இல் ஒரு பங்கு. தலைக்கு 70 கிலோ வீதம் மூன்று பேர் 210 கிலோ. மாதிரியில் அது 62 கிராம். அந்த 62 கிராம் ஈயக்குண்டை வள்ளத்துக்குள் அடித்தளத்தில் மூன்று இடமாகப் பரப்பி வைத்து மிதக்கவிடுங்கள். வள்ளம் ஏறத்தாழ 1.4 செ.மீ. அமிழ வேண்டும். அமா முன்பின் சமமாகப் பாதி மூழ்கவில்லையென்றால் கோளாறு கம்புகளின் வளைவில்.

ஒரு மீட்டர் நீளத்துக்குச் செஞ்சா எல்லாத்தையும் ரெண்டால பெருக்கினா போதுமா?

நீள அகலங்களுக்குப் போதும். எடை எட்டு மடங்காகும்: 62 கிராம் ஈயம் 500 கிராமாகும். சிவப்புக் குச்சித் துளைகளின் ஆழத்தை அடிப்புறத்தில் 5 மி.மீ., பக்கத்தில் 4 மி.மீ. ஆக்குங்கள். முதல் நிறுத்தத்தில் சுவர் 7 மி.மீ. இருக்கட்டும், ஆறவிடும் காலம் ஒரு வாரத்துக்குப் பதில் ஒரு மாதம். ஒரு லாபமும் உண்டு. நீங்களே பின்னிய தேங்காய் நார்ச் சடை இந்த அளவில் பொருந்தி வரும்.

கடையில வாங்கினது கைவேலையா, மெஷின் சரக்கா?

தலைகீழாகப் பிடித்துக் கட்டுகளைப் பாருங்கள். இயாக்கோவை வள்ளத்தின்மேல் ஒட்டிவிட்டு, நூலை ஒப்புக்கு நாலு சுற்று சுற்றியிருந்தால் வாஎ இருக்காது. கம்பு கடைசல் குச்சி போல நேராக இருந்து, முளைக்குச்சியும் இல்லாமல் அமா தொங்கினால் எந்தத் தீவுக்கும் சொந்தமில்லை. அமா வள்ளத்துக்கு மிக அருகில் இருந்தால் பெட்டியில் அடங்குவதற்காகச் சுருக்கியது. உள்ளே விரல் விட்டுத் தடவுங்கள்: உளியின் மென்மையான ஏற்ற இறக்கம் ஒரு ரகம், ரவுட்டர் என்ற குடைகிற மெஷின் விட்ட இணைகோடு இன்னொரு ரகம். மெஷினில் குடைந்தது என்பதாலேயே மோசம் என்று சொல்ல மாட்டோம். அளவு தப்பாக இருப்பதுதான் மோசம்.

அசல் அளவு எங்கே கிடைக்கும்?

ஹொனலுலுவில் 1889இல் தொடங்கிய பிஷப் மியூசியத்திலும், வெலிங்டனின் தே பாப்பா மியூசியத்திலும் படகுகளும் மாதிரிகளும் உள்ளன. காகிதத்தில் என்றால் இருவர் உழைப்பு. பிரெஞ்சுக் கடற்படையின் பாரி, 1840களில் ஐரோப்பாவுக்கு வெளியே உள்ள படகுகளை அளந்து வரைந்து வெளியிட்டார், சோழமண்டலக் கரைப் படகுகள் உட்பட. மற்றவர் ஜேம்ஸ் ஹார்னெல். மதராஸ் மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராக இருந்து நம் கரைப் படகுகளைப் பற்றி எழுதியவர். 1936இல் பொலினீசியப் படகுகள் பற்றிய அவரது பெரிய தொகுதி வந்தது. அதன் குறுக்குவெட்டுப் படங்கள்தான் உங்கள் அட்டை அச்சுக்கு ஆதாரம்.

செஞ்சு ஒரு வருஷத்துல வள்ளத்துல கீறல் விட்டுடுச்சு. சரிசெய்ய முடியுமா?

அணியத்தில் குடையாமல் விட்ட கட்டி மெதுவாகக் காய்கிறது, 2 மி.மீ. சுவர் வேகமாகக் காய்கிறது. கீறல் அந்த எல்லையில்தான் தொடங்கும். ஏசி காற்று நேராகப் படும் அலமாரியாக இருந்தால் முதலில் இடத்தை மாற்றி, கீறல் மேலும் நீளாமல் நிற்கும்வரை சில வாரம் காத்திருங்கள். விரிந்த நிலையிலேயே உடனே மக்கு பூசினால் மழைக்காலத்தில் மரம் விரியும்போது மக்கு ஆப்பாக மாறிக் கீறலை இன்னும் நீட்டும்.

நின்றபிறகு கீறலின் இருபுறமும் 0.8 மி.மீ. துளைகளை இணையாகப் போட்டு, அடியில் ஒரு மெல்லிய மரக்கீற்றை வைத்து, மெழுகு நூலால் தைத்து இழுங்கள். பசிபிக்கில் கீறிய வள்ளத்தையும் இப்படித் தைத்துத்தான் மறுபடி கடலில் இறக்கினார்கள். தையலை மறைக்கக் கறுப்பு பூசாதீர்கள், தெரியட்டும்.